மான் படுத்த இடம்

பூர்கிக்குப் பிணமாக நடிக்கும் வாய்ப்பு வந்தது கடிதம் எழுதி எழுதித்தான்.

வால்புர்கா என்பது ஞானஸ்நானப் பெயர். அந்தப் பெயரால் அவளை அழைப்பது வரி அலுவலகம் ஒன்றுதான். ஊருக்கு அவள் பூர்கி. வயது ஐம்பத்தொன்பது, மாடுகள் பதினெட்டு, கணவன் இல்லை. அதை அவள் ஒரு குறையாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வியாழக்கிழமை மாலை எட்டேகாலுக்கு 'கமிஷனர் ஓஸ்வால்ட்' தொடர் ஆரம்பிக்கும்போது அவள் வீட்டுக் கதவை யாரும் தட்டக் கூடாது. அவ்வளவுதான் அவள் உலகத்திடம் கேட்டது.

தெற்கு ஜெர்மனியின் அல்கோய் மலையடிவாரத்துக் கிராமங்களில் வாரம் ஒரு கொலை என்பது அந்தத் தொடரின் கணக்கு. நிஜத்தில் இந்தப் பக்கம் கடைசியாகக் கொலை நடந்தது எப்போது என்று கேட்டால் பாதிரியாருக்கே சொல்லத் தெரியாது. தொலைக்காட்சியிலோ பதினான்கு வருடத்தில் பாதிச் சீமையைத் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் பால் கறக்கக்கூட ஆள் மிஞ்சியிருக்கக் கூடாது.

கொலைகளைப் பற்றிப் பூர்கிக்குப் புகார் இல்லை. கொலைகாரன் யாரென்று முதல் அரைமணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டு, மீதி நேரத்தை அவர்கள் செய்யும் தப்புகளைக் குறித்துக்கொள்வதில் செலவிடுவாள். பிறகு கடிதம். 'மதிப்புக்குரிய தொலைக்காட்சியாருக்கு: நேற்றைய கதையில் கொலைகாரன் நனைந்த புல்லை அப்படியே கொட்டகையில் அடைக்கிறான். ஈரப்புல் சூடேறித் தீப்பிடிக்கும். இது எங்கள் ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும். ஆளைக் கொல்லத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா?' இன்னொன்று: 'உங்கள் பிணம் மூச்சு விடுகிறது. இரண்டு முறை. எண்ணிப் பார்த்தேன்.'

ஒன்பதாவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதிலுக்கு ஆளே வந்துவிட்டாள். மே மாதம் ஒரு காலை, பால் கறந்து முடித்து நிற்கையில், மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் முற்றத்துச் சாணத்தைத் தாண்டித் தாண்டி வந்தாள். பெயர் யெல்லா. ஊர் ஹாம்பர்க். தொடரின் உதவி இயக்குநர்.

"உங்க கடிதம் எல்லாத்தையும் ஆபீஸ்ல சுவத்துல ஒட்டி வெச்சிருக்கோம்மா. எங்க டைரக்டர் ஹென்னிங் சொல்றாரு, அந்த அம்மாவையே பிணமாப் படுக்க வெச்சுடு, அப்பவாச்சும் கடுதாசி நிக்கும்னு."

"நிக்காது. ஆனா படுக்கறேன்" என்றாள் பூர்கி.

முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் சொன்னாள். யெல்லா போனதும் தொழுவத்துக்குள் போய்ப் பதினெட்டு மாடுகளிடமும் தனித்தனியாகச் சொன்னாள். பதினான்கு வருடமாக வெளியிலிருந்து பார்த்த பெட்டிக்குள் அவள் போகப்போகிறாள். கமிஷனர் ஓஸ்வால்ட் அம்மாளே அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்காரப்போகிறார். உலகத்துக்கு ஒரு முறையாவது ஒழுங்கான பிணத்தைக் காட்ட வேண்டும். வேறு எதையும் அவள் இவ்வளவு ஆசையாக விரும்பியதாக அவளுக்கே ஞாபகம் இல்லை.

நிபந்தனை இரண்டு இருந்தது. பிணம் கிடக்கப்போவது அவளுடைய மேல் மேய்ச்சல் நிலத்தில், இடுப்புயரப் புல்லுக்கு நடுவில். ஆகவே படப்பிடிப்பு முடியும்வரை அந்தப் புல்லை அறுக்கக் கூடாது. இரண்டாவது, ஒப்பந்தத்தின் ஏழாவது பத்தி: கதையில் யார் சாகிறார் என்பதை வெளியே மூச்சு விடக் கூடாது.

மூச்சு விடாமல் இருப்பதைத்தான் அவள் மும்முரமாகப் பழகிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மனதுக்குள் எண்ணுவாள். இருபது, முப்பது, நாற்பது. ஒருநாள் பால்வண்டி ஓட்டுநர் குழாயை மாட்ட வந்தவன் அவள் முகம் சிவந்து தூணைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்துவிட்டான். "நெஞ்சுவலியா பூர்கி?" என்றான். நாற்பத்துமூன்றில் இருந்தவள் பதில் சொல்லவில்லை. பால்வண்டி அன்று முப்பத்தைந்து பண்ணைகளுக்குப் போனது. அதோடு செய்தியும் போனது.

புல் வேறு அவளைக் காட்டிக்கொடுத்தது. மூன்று வாரம் மழை பிடித்து வைத்திருந்துவிட்டு, ஜூன் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. குளிர்காலத் தீவனத்துக்குப் புல்லை அறுத்துக் காயவைக்க ஊரே டிராக்டரை எடுத்துக்கொண்டு இறங்கியது. ஞாயிறு மதியத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்க மொட்டை. பூர்கியின் மேல் நிலம் மட்டும் சடைபிடித்து நின்றது.

"என்னடி பூர்கி, மேல இன்னும் புல்லு நிக்குது?" ரொட்டிக்கடை ரோஸ்விதா ப்ரெட்ஸல் ரொட்டியைப் பையில் போட்டபடி கேட்டாள். "வியாழக்கிழமை இடி மழைன்னு சொல்றான். ஒடம்புக்கு எதுவும் முடியலையா?"

"ஒடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்ப டிராக்டர் ரிப்பேரா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன ஏன் அறுக்கல?"

பூர்கிக்குப் பொய் சொல்ல வராது. "அறுக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சில்லறையை வாங்காமலே வெளியே வந்தாள். ரோஸ்விதா கடையில் நின்ற மற்ற இரண்டு பேரையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நல்ல வெயிலில் புல்லை விட்டுவைக்கிறவள் ஒன்று சாகக் கிடக்க வேண்டும், இல்லை மூளை கலங்கியிருக்க வேண்டும். மூன்றாவது காரணம் அந்த ஊரில் கிடையாது.

மேல் நிலத்துக்குப் பக்கத்து நிலம் மாக்னுஸுடையது. மாக்னுஸும் பூர்கியும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பதினொரு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம், பதினொரு வருடத்துக்கு முந்தைய ஜூனில் மாக்னுஸின் புல்வெட்டி எல்லைக்கல்லைத் தாண்டி, பூர்கியின் பக்கம் ஒரு வெட்டு அகலத்துக்குப் போய்விட்டது. தெரியாமல் நடந்தது என்றான் அவன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது, "திருடன் போறான் பாரு" என்றாள் அவள். மாக்னுஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் தன் நிலத்தை அறுக்கும்போது, எல்லையை ஒட்டித் தன் பக்கத்தில் ஒரு வெட்டு அகலம் புல்லை அப்படியே விட்டுவிடுவான். அந்தப் பட்டையில் காஞ்சொறியும் காட்டுச்செடியும் மண்டி, இலையுதிர்காலத்தில் தானாக மடிந்து விழும். எடுத்த அளவைத் தொடாமல் திருப்பி வைத்தாயிற்று என்று, பூர்கி கண்ணில் படும்படி அவன் விட்டுவைத்த பதில் அது. அவளும் ஒவ்வொரு வருடமும் அதைப் படித்தாள். தான் சொன்னது கொஞ்சம் அதிகம்தான் என்று மூன்றாவது வருடமே தோன்றிவிட்டது. ஆனால் மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பிறகு பதினொன்றாகிவிட்டது.

திங்கட்கிழமை படப்பிடிப்பு. அன்றும் மறுநாளும் மாடுகளைப் பார்த்துக்கொள்ள விவசாயச் சங்கத்திலிருந்து ஒரு மாற்றாளை வரவழைத்திருந்தாள். மாற்றாள் வந்தால் அந்த வீட்டில் யாரோ படுத்த படுக்கை என்று பொருள். அதை அவள் யோசிக்கவில்லை. முகத்துக்குச் சாம்பல் பூச்சு, நெற்றியோரம் ரத்தம், அவளுடைய சொந்த நீல ஏப்ரன். புல்லுக்கு நடுவில் அவள் படுத்த இடத்தைச் சுற்றி, கேமராவுக்கு அடையாளமாக நாலு குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டினார்கள். ரகசியத்துக்காக வண்டிகளைக் காட்டுக்குள் நிறுத்தியிருந்ததால் ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

ஹென்னிங் நெட்டையான மனிதர். மெதுவாகப் பேசுவார். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர், "அம்மா, மூச்சு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும். நீங்க உங்க வேலையப் பாருங்க."

காலை முழுக்கப் படுத்திருந்தாள். தூரத்திலிருந்து புல்வெளி முழுவதும் தெரியும் காட்சிகளை எடுத்தார்கள். எறும்பு காதுக்குள் போய்த் திரும்பி வந்தது. அவள் அசையவில்லை. எழுந்தபோது புல் அவள் வடிவத்தில் அமுங்கியிருந்தது. கமிஷனர் வந்து மண்டியிடும் முக்கியக் காட்சி மறுநாள் காலை, அதே இடத்தில், அதே புல்லில். மதியத்துக்கு மேல் கெம்ப்டன் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையைப் பிணவறையாக மாற்றியிருந்தார்கள். அங்கே மேசையில் படுக்க வேண்டும். பூச்சைக் கலைக்க வேண்டாம் என்று, படப்பிடிப்புக்காகக் கொண்டுவந்த ஆம்புலன்ஸிலேயே அவளை ஏற்றி அனுப்பினார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவள், படுக்கையைப் பார்த்ததும் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இறங்கும்போது ஓட்டுநர் சிரித்தான். "உங்க ஊர்க்காரங்க மரியாதை தெரிஞ்சவங்கம்மா. சந்துல ஒரு டிராக்டர்காரர் ரிவர்ஸ் எடுத்து வழி விட்டாரு. விட்டுட்டு எறங்கி, கண்ணாடி வழியா உங்களப் பாத்தாரு. தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு."

"யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? மீசை வெச்சிருந்தாரு."

ஊரில் மீசை இல்லாத டிராக்டர்காரனைத்தான் தேட வேண்டும். பூர்கி அதை மறந்துவிட்டாள். பிணவறை மேசையில் அவள் ஐம்பத்திரண்டு எண்ணும்வரை மூச்சு விடாமல் கிடந்தாள். ஒலிப்பதிவுக்காரன் கை தட்டிவிட்டான். அன்று இரவு கெம்ப்டனிலேயே தங்கி, பாலாடைக்கட்டி போட்ட ஷ்பேட்ஸ்லே நூடுல்ஸை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, வெகு திருப்தியாகத் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே அழைத்துப்போய் மறுபடி சாம்பல் பூசி, ரத்தம் வைத்தார்கள். எட்டரைக்கு எல்லா வண்டிகளும் வரிசையாகக் காட்டோரப் பாதையில் ஏறின. முதல் வண்டி திரும்பியதும் நின்றது. பின்னால் வந்தவை எல்லாம் நின்றன. யெல்லா இறங்கி ஓடினாள். பூர்கியும் ஏப்ரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மேல் நிலத்தில் புல் இல்லை. நேற்று இடுப்புயரம் அலையடித்த புல் எல்லாம் வரிசை வரிசையாகத் தரையில் கிடந்து, வெயிலில் மணந்துகொண்டிருந்தது. அருமையான வேலை. ஓரங்களில் ஒரு தாள்கூட விடுபடவில்லை. இன்னொரு நாளாக இருந்தால் பூர்கி நின்று ரசித்திருப்பாள்.

"யாரு பண்ணினது இத?" யெல்லா ஒவ்வொருவராகப் பார்த்தாள். "யாரு?"

ஹென்னிங் தரையில் உட்கார்ந்துவிட்டார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. "நேத்து எடுத்தது முழுக்க வீண்" என்றார். "புல்லு நிக்கிற எடம் இன்னும் எங்க இருக்கு?"

"வாங்கன் பக்கம் ஒரு நிலம் இருக்கு. நாளைக்கு முழுசா எடுத்துடலாம். ஆனா அம்மாவக் கூட்டிட்டுப் போக முடியாது, அந்த நிலத்துக்காரங்க வீட்டு அம்மாவத்தான் பிணமாப் போடறதா ஒத்துக்கிட்டிருக்கோம்..." யெல்லா பூர்கியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வேறு பிணம். வாங்கனில் எவளோ ஒருத்தி படுத்துக்கொண்டு நன்றாக மூச்சு விடப்போகிறாள். நாற்பது பேர் முன்னால் அழக் கூடாது என்று பூர்கி பல்லைக் கடித்தாள். அழுதால் பூச்சு கலையும். இனிமேல் கலைந்தால்தான் என்ன?

"இது வேணும்னு பண்ணினது" என்றார் ஹென்னிங். "போலீஸ்ல சொல்லணும். நிஜப் போலீஸ். அம்மா, உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

சந்தேகமா? பதினான்கு வருடம் பயிற்சி பெற்ற கண் அது. வெட்டு இடமிருந்து வலமாகச் சுற்றியிருந்தது. இந்த ஊரில் இடமிருந்து சுற்றுகிறவன் ஒருத்தன்தான், அவனுடைய பழைய இயந்திரத்தின் வெட்டுக்கத்தி அந்தப் பக்கம் இருக்கிறது. 'ஒரு பட்டையில் ஆரம்பிச்சான், இன்னிக்கு மொத்தத்தையும் வழிச்சுட்டான்' என்று நினைத்தாள். பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உறுதிப்படுத்திக்கொள்ள எல்லைக்கல் பக்கம் திரும்பினாள்.

எல்லையில் அந்தப் பட்டை இல்லை.

பதினொரு வருடமாகக் காஞ்சொறி மண்டி நின்ற அந்த ஒரு வெட்டு அகலம், மாக்னுஸின் சொந்த நிலத்துப் பட்டை, வழவழவென்று அறுக்கப்பட்டிருந்தது. அதில் இருந்த நல்ல புல்லைப் பிரித்து எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், அவளுடைய வரிசையோடு சேர்த்துப் போட்டிருந்தது. காஞ்சொறியை மட்டும் தனியாகக் குவித்துத் தன் பக்கம் வைத்திருந்தான். கையால்தான் பிரித்திருக்க வேண்டும்.

நாக்கு நுனிக்கு வந்த பெயர் அங்கேயே நின்றது.

அப்போது காட்டோரப் பாதையில் டிராக்டர் சத்தம் கேட்டது. பனி காய்கிற நேரம். அறுத்த புல்லைக் கிளறிப்போட இதுதான் சரியான சமயம். மாக்னுஸ் கிளறும் இயந்திரத்தைப் பின்னால் மாட்டிக்கொண்டு, வழியை அடைத்து நிற்கும் வண்டிகளைத் திட்டிக்கொண்டே வந்தான். வளைவு திரும்பியதும் பூர்கியைப் பார்த்தான். சாம்பல் முகம், நெற்றியில் ரத்தம், நின்ற கோலம். டிராக்டர் ஒரு உலுக்கு உலுக்கி நின்றுபோனது.

மாக்னுஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

"ஏசுவே. மரியே."

"நான்தான்" என்றாள் பூர்கி. பதினொரு வருடத்துக்குப் பிறகு அவனிடம் சொன்ன முதல் சொல் அதுதான்.

"நீ... சாகக் கெடந்தேல்ல?"

"இல்ல. நடிக்கறேன். டிவி நாடகத்துல. பொணமா."

அவன் இறங்கி வந்தான். ஒரு விரலை நீட்டி, அவள் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"பால்வண்டிக்காரன் நெஞ்சுவலின்னான். மாற்றாளு வேற வந்திருந்தான். அப்புறம் ஆம்புலன்ஸ்ல நீ..." தொப்பியைக் கழற்றினான். "வியாழக்கிழமை மழை வருது. புல்லு நிக்குது. ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னப் பாக்கவா முடியும்? வந்தா நீ எழுந்து அடிப்ப. சரி, புல்லையாச்சும் அறுத்துப் போடுவோம்னு..."

வீட்டில் ஒருத்தர் நோயில் விழுந்துவிட்டால் பக்கத்து நிலத்துக்காரன் அவர் புல்லை அறுத்துக் காயவைத்துக் கொட்டகையில் சேர்த்துவிடுவான். கேட்க மாட்டான், சொல்லவும் மாட்டான். ஊரில் எல்லோருக்கும் எல்லோரும் செய்வது. பேச்சு இல்லாதவனும் செய்வான் என்பதைத்தான் பூர்கி எதிர்பார்க்கவில்லை.

ஹென்னிங் எழுந்து வந்துவிட்டார். "இவருதானா? இவருதான் அறுத்தாரா?"

மாக்னுஸ் சுற்றி நிற்கும் கேமராக்களையும் ஆட்களையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தான். என்ன செய்துவிட்டோம் என்பது மெல்லப் புரிந்து அவன் காது சிவந்தது.

"ஆமா, இவருதான்" என்றாள் பூர்கி. "நான் சொல்லித்தான் அறுத்தாரு."

"நீங்க சொல்லியா?"

"வாய் தவறிச் சொல்லிட்டேன். ஒப்பந்தத்த மீறினது நான். இவர ஒண்ணும் சொல்லாதீங்க. வாங்கன் ஆளையே வெச்சு எடுத்துக்கங்க."

பொய் சொல்ல வராதவள் சொன்ன பொய்யை யெல்லாவே நம்பவில்லை. ஆனால் சொன்னவுடன் பூர்கிக்கு லேசாக இருந்தது. போகட்டும். ஐம்பத்திரண்டு எண்ணிக்கை வீணாகப் போகட்டும்.

மாக்னுஸ் தொப்பியைத் திருகினான். "எல்லாத்தையும் அறுக்கல" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "மான் படுத்திருந்த எடத்த விட்டுட்டேன்."

"எந்த மான்?"

அவன் கை காட்டினான். அறுத்த வெளிக்கு நடுவில், ஒரு வண்டி அகலத்துக்கு, வட்டமாகப் புல் நின்றது. நாலு குச்சிகள், சிவப்புத் துணியோடு. நிலத்து மேடு பாதி மறைத்ததில், அழுகையிலும் கோபத்திலும், யாரும் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

இந்த ஊரில் அறுப்புக்கு முன்னால் நிலத்தை நடந்து பார்ப்பார்கள். புல்லுக்குள் மான்குட்டி படுத்திருந்தால் சத்தம் கேட்டும் ஓடாது, கத்தியில் சிக்கிவிடும். அதனால் குட்டி கிடக்கும் இடத்தில் குச்சி நட்டுத் துணி கட்டி, அந்த இடத்தை விட்டு அறுப்பார்கள்.

"குச்சி நட்டிருந்துச்சு. நீதான் விழறதுக்கு முந்தி நட்டிருப்பேன்னு நெனச்சேன்" என்றான் மாக்னுஸ். "உள்ள எட்டிப் பாத்தேன். புல்லு நல்லா அமுங்கி இருந்துச்சு. தாய் குட்டியக் கூட்டிட்டு வெளிய போயிருக்கு, திரும்பி வரும்னு விட்டுட்டேன்."

"அது நான் படுத்த எடம்டா!"

மாக்னுஸ் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "கொஞ்சம் பெரிய மானுதான்னு நெனச்சேன்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். கமிஷனராக நடிக்கும் அம்மாள், கையில் காப்பிக் குவளையோடு நின்றவர், குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஹென்னிங் மட்டும் சிரிக்கவில்லை. வட்டத்தைச் சுற்றி நடந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பூர்கியின் வடிவம் நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"கிட்ட எடுக்கற காட்சிக்கு இது போதும்" என்றார். "ஆனா தூரத்துக் காட்சியில நேத்து புல்லு நிக்குது. இன்னிக்கு இல்ல. பாக்கறவன் கேப்பான்."

"கேக்கட்டும்" என்றாள் பூர்கி. அவளுக்குள் வியாழக்கிழமை எட்டேமுக்கால் மணிக்கு எழும் அந்தப் பழைய சுறுசுறுப்பு எழுந்துவிட்டது. "கதையில கொலைகாரன் யாரு? பாலாடைக்கட்டி ஆலைக்காரன்தானே? நீங்க சொல்ல வேணாம், தெரியும். இந்த நிலத்தக் குத்தகைக்கு எடுத்தவன் அவன். கமிஷனர் எத வெச்சுக் கண்டுபிடிக்கறாங்க?"

யெல்லா ஹென்னிங்கைப் பார்த்தாள். "சட்டைப் பொத்தான்" என்றாள் மெதுவாக.

"மறுபடியும் பொத்தானா? பதினாலு வருஷத்துல எட்டுப் பொத்தான். உங்க கொலைகாரங்கள்ல ஒருத்தருக்காவது ஊசி நூல் கோக்கத் தெரியாதா? பொத்தான விடுங்க. கொன்னது முந்தின நாள். மறுநாள் எல்லாரும் அறுக்கறாங்க. அவன் அறுக்காம விட்டா ஊரு சந்தேகப்படும், நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால அறுக்கறான். ஆனா பொணத்து மேல வண்டிய விட முடியுமா? சுத்தி அறுத்துட்டுப் போயிடறான். கேட்டா மான்குட்டின்னு சொல்லுவான். கமிஷனர் வந்து பாக்கறாங்க. குச்சி இல்ல, துணி இல்ல. உள்ள என்ன கெடக்குன்னு தெரியாதவன் எதுக்கு இந்த எடத்தச் சுத்திப் போனான்?"

யெல்லா அவசரமாகக் குறித்துக்கொண்டாள். பிறகு கமிஷனர் அம்மாள், "எனக்கு இந்த வசனம் வேணும் ஹென்னிங்" என்றார்.

ஹென்னிங் கைப்பேசியை எடுத்துக்கொண்டு காட்டோரம் போனார். மியூனிக்கில் இருக்கும் கதாசிரியரோடு அரைமணி நேரம் பேசினார். திரும்பி வந்தபோது மாக்னுஸைப் பார்த்து, "உங்க டிராக்டர ஓட்டற மாதிரி எங்களுக்கு எடுக்கணும். முகம் தெரியாது, முதுகு மட்டும்" என்றார்.

"கொலைகாரனாவா?"

"ஆமா."

மாக்னுஸ் பூர்கியைப் பார்த்தான். "பரவால்லையா?"

"திருடனுக்கு இது தேவலாம்" என்றாள் பூர்கி. சொன்ன பிறகுதான், அந்தப் பழைய வார்த்தை எவ்வளவு லேசாக வெளியே வந்துவிட்டது என்று உணர்ந்தாள். மாக்னுஸின் மீசை ஒரு பக்கமாக ஏறியது.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"நானும் கல்லப் பாத்து ஓட்டியிருக்கணும்" என்றான் அவன். "சரி, பனி காஞ்சிடுச்சு. இவங்க சாமானத்த நகத்தச் சொல்லு, புல்லக் கிளறணும். வியாழக்கிழமை மழை."

இருவருக்கும் அது போதுமாக இருந்தது. நாற்பது பேர் காத்திருக்க, முதலில் புல்தான் கிளறப்பட்டது. அதன் பிறகே கேமரா ஓடியது. பூர்கி தன் பழைய பள்ளத்தில் சரியாகப் போய்ப் படுத்தாள். கமிஷனர் ஓஸ்வால்ட் அவள் பக்கத்தில் மண்டியிட்டார். அவள் அறுபத்தொன்று எண்ணினாள். புதன்கிழமை சாயங்காலம், முதல் இடி கேட்பதற்குள், மேல் நிலத்துப் புல் முழுவதும் காய்ந்து பூர்கியின் கொட்டகைக்குள் வந்துவிட்டது. கடைசி வண்டியை ஓட்டி வந்தவன் பதினொரு வருடத்துக்குப் பிறகு அவள் சமையலறையில் உட்கார்ந்து பீர் குடித்தான். அதிகம் பேசவில்லை. பேசாமலே இருந்து பழக்கமாகியிருந்தது. ஆனால் இந்தப் பேசாமை வேறு ரகம், சுகமாக இருந்தது.

மறு வருடம் மார்ச்சில் அந்தக் கதை ஒளிபரப்பானது. ஊரே விடுதியில் கூடியது. விடுதிக்காரர் சுவரில் பெரிய திரை கட்டியிருந்தார். ரோஸ்விதா ப்ரெட்ஸல் கூடையோடு வந்தாள். பால்வண்டி ஓட்டுநர், தான் பரப்பிய வதந்தியால்தான் இத்தனையும் நடந்தது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தான். பூர்கியும் மாக்னுஸும் முன் வரிசையில், ஒரே பெஞ்சில்.

டிராக்டரில் முதுகு தெரிந்ததும் ஊர் ஆரவாரம் செய்தது. "புடிடா கொலைகாரன!" என்று யாரோ கத்தினார்கள். மாக்னுஸ் எழுந்து தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டு உட்கார்ந்தான்.

பிறகு அறுத்த வெளி. நடுவில் வட்டமாக நின்ற புல். கமிஷனர் புல்லை விலக்கினார். திரை முழுக்கப் பூர்கியின் முகம் வந்தது, சாம்பல் நிறத்தில், கண் மூடி. விடுதி அடங்கிவிட்டது. அவள் உயிரோடு முன் வரிசையில் இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒருவரும் பீர்க் குவளையைத் தொடவில்லை. ஒழுங்கான பிணம். இமை அசையவில்லை, கழுத்து அசையவில்லை, நெஞ்சு அசையவில்லை.

பெஞ்சில் இருந்த பூர்கியும் அசையவில்லை. தன்னை அறியாமல் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பது, முப்பத்தொன்று.

மாக்னுஸ் திரையைப் பார்க்கவில்லை. அந்த முகத்தை அவன் ஒருமுறை ஆம்புலன்ஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தாயிற்று, இன்னொருமுறை பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. பக்கத்தில் திரும்பினான். அவள் நெஞ்சு ஏறி இறங்கவில்லை என்பதைக் கவனித்தான். முழங்கையால் இடித்தான்.

"மூச்ச விடு, பூர்கி."

அவள் விட்டாள்.